தொட்டபெட்டா உயரத்தில் ஒரு கடைவீதி

டென்வரிலிருந்து மேற்கே ராக்கி மலைகளுக்குள் நுழையும் ஐ-70 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் வண்டியெடுப்பவர்கள் போன பிறவியில் எதையோ செய்துவிட்டு வந்தவர்கள். குளிர்காலமானால் கூரைமேல் பனிச்சறுக்குப் பலகை, கோடையானால் பின்புறம் சைக்கிள் என்று கட்டிக்கொண்டு, வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ், ஆஸ்பென் என்று பெயர்பெற்ற இடங்களை நோக்கி வரிசையாக ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஊரும் நேரத்தில் பெரும்பகுதி அவர்கள் கடப்பது கிளியர் கிரீக் கவுண்டியைத்தான். பழைய சுரங்கங்கள் வெளியே தள்ளிய மஞ்சள் மண்மேடுகள் சரிவுகளில் தெரியும். சாலைக்குக் கீழே ஓடை ஒன்று விடாமல் கூட வரும். மரத்தில் கட்டிய ஒரு தேவாலயக் கூம்பு எட்டிப் பார்த்து மறையும். பெட்ரோலுக்கும் கழிப்பறைக்கும் தவிர இறங்குபவர்கள் குறைவு.

"இந்த ரோட்ல எத்தனையோ தடவ போயிருக்கேன் மாமா. ஜார்ஜ்டவுன்னு போர்டு பாப்பேன். அவ்ளோதான்" என்றான், டென்வரில் கணினி வேலை பார்க்கும் என் அக்கா மகன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம்மவர்களின் பயணத் திட்டம் நயாகராவில் தொடங்கி கிராண்ட் கேன்யனில் முடிந்துவிடும். கொலராடோ என்றால் கூடுதலாக ராக்கி மலைத் தேசியப் பூங்கா. இந்தச் சின்னக் கவுண்டி யார் பட்டியலிலும் இருப்பதில்லை.

1861-ல் கொலராடோ தனிப் பிரதேசமானபோது பிரித்த முதல் 17 கவுண்டிகளில் இது ஒன்று. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 9,400 பேர்கூட இல்லை. நம் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சிக்கே இதைவிட அதிகம் இருக்கும். ஊராட்சி அமைப்புள்ள ஊர்கள் நான்கே: ஐடஹோ ஸ்பிரிங்ஸ், எம்பயர், ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம். நான்கும் பொன்னையும் வெள்ளியையும் நம்பி முளைத்தவை. உயரத்தைச் சொன்னால்தான் நமக்கு இந்த இடம் பிடிபடும். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா சுமார் 8,650 அடி. ஜார்ஜ்டவுனின் கடைவீதி 8,530 அடி. அதற்கடுத்த சில்வர் ப்ளூம் 9,100 அடியில் இருக்கிறது. ஆனைமுடி உச்சியில் ஏறி நின்றால்கூட அந்த ஊர்த் தெருவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அங்கே இவையெல்லாம் மலையடிவாரம். மலை இதற்குமேல்தான் தொடங்குகிறது.

முதலில் வருவது ஐடஹோ ஸ்பிரிங்ஸ். 1859 ஜனவரியில் ஜார்ஜ் ஜாக்சன் என்பவர், சிகாகோ கிரீக் ஓடை கிளியர் கிரீக்கில் கலக்கும் இடத்தில் மண்ணைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். தரை பனியில் கல்லாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் பெரிய தீ மூட்டி இளக்கினார். மண்வெட்டி இல்லை, வேட்டைக் கத்தியால் கிளறி, கையிலிருந்த குவளையில் போட்டு அலசினார். அடியில் பொன் தங்கியது. ஊரைக் கூட்டாமல் குழியை மூடிவிட்டு இறங்கிப் போய், வசந்தத்தில் ஆட்களோடு திரும்பி வந்தார். அவ்வளவுதான், சில மாதங்களில் பள்ளத்தாக்கு முழுக்கக் கூடாரம்.

இப்போது அந்த ஊரில் நுழைந்ததும் கண்ணில் படுவது மலைச்சரிவில் படிப்படியாக ஏறி நிற்கும் ஆர்கோ ஆலை. சிவப்பு வண்ணம், தகரக் கூரை. 1913-ல் கட்டியது. ஆலையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பின்னால் இருக்கும் குகைவழி. மலைக்கு அப்பால் சென்ட்ரல் சிட்டி வரை உள்ள சுரங்கங்களின் தண்ணீரை வடிப்பதற்கும், வெட்டிய தாதுவைக் கீழே கொண்டுவருவதற்கும், 1893-ல் தொடங்கி 1910 வரை நாலு மைலுக்கு மேல் குடைந்திருக்கிறார்கள். 1943 ஜனவரியில் மேலே ஒரு சுரங்கத்தில் வெடி வைத்தபோது, பல காலமாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய சுரங்கத்தின் சுவர் உடைந்தது. நாலு தொழிலாளர்கள் செத்தார்கள். குகைவழி அன்றோடு சரி. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு துருநிறத்தில் வந்துகொண்டே இருந்தது. 1983-ல் மத்திய அரசு இந்தப் பள்ளத்தாக்கை நாட்டின் மோசமான நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இப்போது சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இரவும் பகலும் ஓடி, உலோகத்தைப் பிரித்த பிறகே தண்ணீரை ஓடைக்கு விடுகிறது. கீழே டென்வரைச் சுற்றியுள்ள பல நகரங்கள் குடிப்பது இந்த ஓடைத் தண்ணீரைத்தான். பொன் எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. கழுவும் வேலைக்கு இன்னும் முடிவு தேதி இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்குத் தட்டில் மண்ணைக் கொடுத்துப் பொன் அரித்துப் பார்க்கச் சொல்லும் அதே வளாகத்தில், இந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது.

இங்கே உழைத்தவர்களில் கணிசமானவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே தகரச் சுரங்கங்கள் நொடித்தபோது கிளம்பிய அந்தக் கூட்டம் ஒரு பக்கம் கொலராடோவுக்கும், ஒரு பக்கம் நம் கோலாருக்கும் போனது. கோலாரில் அவர்கள் மேலாள்களாக நிற்க, ஆழத்தில் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். சுரங்கச் சுவருக்குள் குட்டிப் பேய்கள் தட்டி ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் என்று கார்னிஷ்காரர்கள் நம்பினார்கள். அந்தப் பேய்களின் பெயரில் இன்றைக்கு ஐடஹோ ஸ்பிரிங்ஸில் ஒரு பீர்க்கடை நடக்கிறது.

ஊருக்குப் பெயர் கொடுத்த வெந்நீர் ஊற்று இன்னும் இருக்கிறது. வெள்ளையர் வருவதற்கு முன் யூட், அரபாஹோ மக்கள் பயன்படுத்தியது. காசு கொடுத்துக் குளிக்கலாம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், அருவியை ஒட்டி ஒரு பெரிய மரத் தண்ணீர்ச் சக்கரம் நிற்கிறது. 1893-ல் அதைக் கட்டிய சார்லி டெய்லர் என்ற சுரங்கக்காரர், தன் ஆரோக்கியத்துக்கு இரண்டு காரணம் சொல்வாராம்: பெண்களை முத்தமிட்டதில்லை, குளித்ததில்லை. வெந்நீர் ஊற்று உள்ள ஊரில் இருந்துகொண்டு இரண்டாவதைச் சாதித்ததற்காகவே சிலை வைத்திருக்கலாம். சாப்பாட்டுக்கு இங்கே பீட்சாதான். ஓரம் முறுக்கிய கயிறுபோலத் தடியாக இருக்கும்; கடைசியில் அந்த ஓரத்தைத் தேனில் தொட்டுத் தின்ன வேண்டும். காரத்துக்குப் பழகிய நாக்குக்கும் அது ஒத்துப்போகிறது.

ஐடஹோ ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே திரும்பும் மலைச்சாலைதான் இந்தக் கவுண்டியின் பெரிய கொடை. 10,600 அடியில் எக்கோ ஏரி. அதற்கப்புறம், வட அமெரிக்காவிலேயே மிக உயரத்துக்குப் போகும் தார்ச்சாலை. 1930 வாக்கில் போட்டு முடித்தது. 14,130 அடியில் வண்டியை நிறுத்தினால், உச்சிக்கு நடக்க வேண்டியது கொஞ்ச தூரம்தான். வெளிப்பக்கம் தடுப்புச் சுவர் அனேகமாக இல்லை. ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரர்தான் பள்ளத்தைப் பார்க்க நேரும். நான் பார்த்தேன், போதும்.

மர எல்லை 11,500 அடி அளவில் முடிகிறது. அந்த எல்லையில், கோலியத் மலைச்சரிவில், பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. இவற்றில் சில 1,500 வயதைத் தாண்டியவை. அதாவது பல்லவர்கள் மாமல்லபுரத்தில் பாறையைத் தொடுவதற்கு முன்பே முளைத்தவை. பார்க்க ஒன்றும் கம்பீரம் கிடையாது. என் தோள் உயரம் இருந்த ஒன்றின் அருகில் போய்ப் பார்த்தேன். காற்று வரும் பக்கம் பட்டை முழுக்க உரிந்து, மரம் எலும்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. மறுபக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு உயிருள்ள பட்டை, முறுக்கிக்கொண்டு மேலே ஏறி ஒரே ஒரு கிளைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. ஊசியிலைகளில் வெள்ளைப் புள்ளிகளாகப் பிசின். பூச்சி என்று நினைத்து மருமகன் துடைத்துப் பார்த்தான், ஒட்டிக்கொண்டது. மரம் வாழ்வது அதிகம் வளராமல் இருப்பதால்தான். குளிரும் வறட்சியும் மெதுவாக்க, கட்டை அடர்த்தியாகி, பூச்சியும் பூஞ்சையும் உள்ளே நுழைய முடிவதில்லை.

மேலே சமிட் ஏரி, 12,830 அடி. சுற்றிலும் விரல் உயரப் பூச்செடிகள் மட்டுமே. அவற்றின்மேல் காலை வைக்காமல் பாதையிலேயே நடக்கச் சொல்கிறார்கள். மிதித்த செடி மீள ஆண்டுகள் பல ஆகும். வெள்ளை மலையாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். எல்லோரும் அவற்றைத்தான் படமெடுக்கிறார்கள். ஆனால் அவை இம்மண்ணுக்கு உரியவை அல்ல, இருபதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. மண்ணின் மைந்தர் சுருள்கொம்புக் காட்டுச் செம்மறி. அது கூச்சப்படும்.

இந்த மலைக்குப் போன நூற்றாண்டில் இன்னொரு வகை யாத்திரிகர்கள் வந்தார்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராயும் இயற்பியலாளர்களுக்கு, கருவிகளை வண்டியிலேயே இவ்வளவு உயரத்துக்கு ஏற்ற முடிந்தது பெரிய வசதி. முசோலினியின் இத்தாலியிலிருந்து தப்பிவந்த புரூனோ ராஸி, 1939 கோடையில் பழைய பஸ் ஒன்றில் கருவிகளை அடைத்துக்கொண்டு வந்தார். டென்வர், எக்கோ ஏரி, மலையுச்சி என்று வெவ்வேறு உயரங்களில், இன்று மியூவான் என்று சொல்லும் துகள்களை எண்ணினார். வழியில் அவை தாமாகவே சிதைகின்றன என்பதற்கு வலுவான சான்று அந்த எண்ணிக்கையில் கிடைத்தது. வேகமாக ஓடும் அப்படிப்பட்ட துகளின் ஆயுள், சார்பியல் கொள்கைப்படி நமக்கு நீண்டு தெரிய வேண்டும் என்று முந்தைய ஆண்டு எழுதியிருந்தவர் ஹோமி பாபா.

மலையின் பெயரைச் சொல்லவில்லை. 2023 செப்டம்பர் வரை அது மவுண்ட் எவன்ஸ். ஜான் எவன்ஸ், கொலராடோ பிரதேசத்தின் ஆளுநராக இருந்தவர். 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக் ஓடைக்கரையில், சமாதானம் பேசிவிட்டு முகாமிட்டிருந்த ஷையன், அரபாஹோ மக்கள்மீது கர்னல் சிவிங்டனின் படை பாய்ந்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்த வெறிக்குச் சூழலை உண்டாக்கியவர் என்று பொறுப்பு எவன்ஸ்மீது விழுந்து, மறு ஆண்டு பதவி விலகினார். ஆனாலும் டென்வரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. இப்போது அது மவுண்ட் ப்ளூ ஸ்கை. அரபாஹோக்கள் தங்களை நீலவான மக்கள் என்பார்கள். பெயர் மாற்றியதால் போனது திரும்பாது என்று முணுமுணுப்பவர்கள் அங்கும் உண்டு. கொன்றவன் பக்கத்து ஆளின் பெயரை நாள்தோறும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இனி ஜார்ஜ்டவுன். கென்டக்கியிலிருந்து வந்த ஜார்ஜ், டேவிட் கிரிஃபித் சகோதரர்கள் 1859-ல் பொன் தேடி வந்து இறங்கிய இடம். பொன் கொஞ்சம்தான். 1864-ல் மேலே மலையில் வெள்ளி கிடைத்ததும் ஊரின் தலையெழுத்து மாறியது. 'கொலராடோவின் வெள்ளி ராணி' என்று பட்டம் சூட்டிக்கொள்ளும் அளவுக்குக் காசு புரண்டது. அந்தக் காலத்து மரவீடுகள், கடைகள், தேவாலயங்கள் இருநூறுக்கு மேல் இன்றும் நிற்கின்றன. மேற்கத்திய சுரங்க ஊர்களில் இது அபூர்வம். எல்லாமே பைன் பலகை, குளிருக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு. பக்கத்துச் சென்ட்ரல் சிட்டி 1874-ல் எரிந்து போனது. ஜார்ஜ்டவுன்காரர்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களை வைத்து, தங்களுக்குள் போட்டி போட்டு ஓடி ஓடி அணைத்தார்கள். மணிக்கூண்டு வைத்த அல்பைன் ஹோஸ் நிலையத்தை இப்போது அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஊரில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் அதற்குப் போகச் சொல்வேன். மற்றவை இருப்பதே அதனால்தான்.

இரண்டாவதுக்கும் நேரமிருந்தால் ஓட்டல் டி பாரிஸ். இதைக் கட்டியவரின் வாழ்க்கை நாவலாசிரியர்கள் தவறவிட்ட சரக்கு. பிரான்சில் பிறந்த அடால்ஃப் ஜெரார், அமெரிக்கப் படையில் சேர்ந்து, அங்கிருந்து ஓடிவந்து, லூயி துப்பூயி என்று பெயரை மாற்றிக்கொண்டவர். பத்திரிகைக்கு எழுதினார், பிறகு சுரங்கத்தில் இறங்கினார். வெடிவிபத்தில் கூட இருந்தவரைக் காப்பாற்றப் போய்ப் பலத்த காயம். ஊர் மக்கள் வசூல் செய்து கொடுத்த பணத்தில் ஒரு பேக்கரியைப் பிடித்து, 1875-ல் ஓட்டலாக்கினார். வெள்ளிக் கரண்டி, பிரெஞ்சுச் சமையல், சாப்பாட்டு அறையின் நடுவே நீரூற்றும் தொட்டியும். இவ்வளவும் செய்துவிட்டு, பிடிக்காத விருந்தாளி வந்தால் இடமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவாராம். 1900-ல் இறந்தபோது சொத்து முழுவதையும் வீட்டு வேலைகளைக் கவனித்துவந்த சோஃபி காலி என்ற முதிய பிரெஞ்சுப் பெண்மணிக்கு எழுதிவைத்திருந்தார். அந்த அம்மாளும் சில மாதங்களில் போய்விட்டார். இருவரையும் அடுத்தடுத்துப் புதைத்து, 'இரண்டு நல்ல நண்பர்கள்' என்று பிரெஞ்சில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

ஹாமில் மாளிகையில் வளைந்த கண்ணாடி வைத்த பூங்கூடமும், ஒட்டகமுடி ஒட்டிய சுவரும் என்று வழிகாட்டிகள் எதை எதையோ காட்டுவார்கள். பின்கட்டுக்குப் போய் வெளிக் கழிப்பறையைப் பாருங்கள். ஆறு இருக்கை, நடுவில் தடுப்பு. குடும்பத்தார் பக்கம் வால்நட் மரப்பலகை, வேலைக்காரர்கள் பக்கம் பைன். வாசலும் வேறு வேறு. தெரிந்த கதைதான்.

இந்த வெள்ளிக் காசெல்லாம் எப்படி நின்றது என்பதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அங்கே உள்ள பலகைகளில் இது அதிகம் தென்படவில்லை. அந்தக் காலத்தில் உலகின் பெரிய வெள்ளித் தீனிக்காரர் இந்தியா. நம் ரூபாய் வெள்ளி நாணயம்; யார் வேண்டுமானாலும் வெள்ளியைப் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளுக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு அந்தக் கதவைச் சாத்தியது. சில நாட்களில் வெள்ளி விலை சரிந்து விழுந்தது. கொலராடோவில் சுரங்க முதலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். மாதாமாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கிவந்த அமெரிக்க அரசும், அதற்கான சட்டத்தை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. ஜார்ஜ்டவுன் எழவே இல்லை. பணம் இருந்திருந்தால் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். பணம் இல்லை, வாங்க ஆளும் இல்லை. வீடுகள் அப்படியே நின்றன. 1966-ல் ஜார்ஜ்டவுனையும் சில்வர் ப்ளூமையும் சேர்த்துத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். செட்டிநாட்டில் பர்மாப் பணம் நின்றபின் மிஞ்சிய வீதிகளில் நடந்தவர்களுக்கு இந்த ஊரின் அமைதி பழகியதாகவே இருக்கும்.

ரயிலுக்கு வருவோம். ஜார்ஜ்டவுனுக்கும் சில்வர் ப்ளூமுக்கும் நேர்க்கோட்டில் இரண்டு மைல்தான். ஆனால் 600 அடிக்கு மேல் ஏற்றம். நம் நீலகிரி ரயில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்றால், நடுவில் பல்தண்டவாளம் போட்டுப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறுகிறது. இங்கே பல்சக்கரம் கிடையாது. சாதாரணத் தண்டவாளத்தில் எஞ்சின் வழுக்காமல் ஏற, இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக்கூடாது. ஆகவே பாதையை நீட்டினார்கள். இரண்டு மைலுக்கு நாலரை மைல் தண்டவாளம். சுற்றிச் சுற்றி வளைத்து, ஓரிடத்தில் ரயில் தன் பாதையையே மேலே பாலம் கட்டித் தாண்டும்படி செய்தார்கள். அந்த டெவில்ஸ் கேட் பாலம் ஓடைக்கு மேலே 95 அடி. முதலில் ஒப்பந்தக்காரர்கள் வடக்குத் தூண்களைத் தெற்கிலும் தெற்குத் தூண்களை வடக்கிலும் நட்டுவிட்டார்கள். பொறியாளர் ஏற்கவில்லை, பிரித்து மறுபடி கட்டினார்கள். 1884-ல் ஓடத் தொடங்கியது. லெட்வில் வரை போக வேண்டிய பாதை சில்வர் ப்ளூமுக்கு அப்பால் சில மைலிலேயே நின்றுவிட்டது. தாதுவைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களால்தான் அதிகம் பிழைத்தது. 1939-ல் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். 1984-ல், முதல் ரயில் ஓடி நூறு ஆண்டு ஆனபோது, பழைய வடிவத்திலேயே பாலத்தைக் கட்டி முடித்தார்கள்.

வசந்தம் முதல் புத்தாண்டு வரை ஓடுகிறது. திறந்த பெட்டியில் உட்கார்ந்தால் பாலத்தின்மேல் வேகம் நன்றாகக் குறையும். கீழே சற்றுமுன் நாம் வந்த தண்டவாளமே தெரியும். குழந்தைகளுக்கு அது புரியும் கணத்தில் பெட்டி முழுக்கக் கூச்சல் கிளம்புகிறது. வழியில் இறங்கி லெபனான் வெள்ளிச் சுரங்கத்துக்குள் போய்வரத் தனிச் சீட்டு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டிலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும்.

சில்வர் ப்ளூமில் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட முடியாது. தார் போடாத தெருக்கள், ஒரு பழைய பள்ளிக்கூடம், சாய்ந்த பலகை வீடுகள், எந்நேரமும் நெடுஞ்சாலையின் இரைச்சல். வடக்கே பாறையின்மேல் ஒரு கருங்கல் தூண் மட்டும் கண்ணில் படும். 7:30 என்ற பெயருடைய சுரங்கத்தை நடத்திய ஆங்கிலேயர் கிளிஃபர்ட் கிரிஃபின், மாலைகளில் தன் குடிசை வாசலில் வயலின் வாசிப்பாராம். கீழே ஊரே கேட்குமாம். 1887-ல் ஒரு மாலை வாசிப்பு முடிந்ததும் துப்பாக்கிச் சத்தம். தானே வெட்டிய குழியில் கிடந்தார் என்பது ஊர்க்கதை.

எம்பயர் சின்ன ஊர். வின்டர் பார்க் போகிறவர்கள் வேகத்தைக் குறைக்கும் இடம் என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் அதற்கு மேற்கே ஹென்டர்சன் சுரங்கம் இன்றும் மாலிப்டினம் எடுக்கிறது. வெட்டிய தாது, அமெரிக்காவின் நீர்ப்பிரிமலைக்கு அடியில் குடைந்த வழியில், நெடுந்தூரப் பட்டைக் கடத்தியில் பக்கத்துக் கவுண்டியின் ஆலைக்குப் போகிறது. சுரங்கக் காலம் முடிந்துவிட்டது என்று அருங்காட்சியகங்களில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவுண்டியின் வரி வருமானத்தைப் பல காலம் தாங்கியது இதுதான்.

மலையேறிகளுக்கு வேறு கணக்கு. ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே குவனெல்லா கணவாய், 11,669 அடி. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது அந்தச் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். அங்கிருந்து பியர்ஸ்டாட் சிகரத்துக்கு நடைபாதை. மேற்கே கிரேஸ், டோரிஸ் என்ற இரட்டைச் சிகரங்கள், இரண்டும் 14,000 அடிக்கு மேல். 1861-ல் சார்ல்ஸ் பாரி என்ற தாவரவியலாளர் தன் துறைப் பெரியவர்கள் ஏசா கிரே, ஜான் டோரி பெயர்களைச் சூட்டினார். ஒரே நாளில் இரண்டையும் ஏறி இறங்குகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு லவ்லண்ட் கணவாய் போதும். 11,990 அடியில் காரை நிறுத்தி இறங்கினால் ஒரு கால் அட்லாண்டிக்குக்கு வடியும் சரிவில், இன்னொரு கால் பசிபிக்குக்கு.

அந்தக் கணவாய்க்கு அருகில்தான் ஐசன்ஹவர் குகைச்சாலை, 1973-ல் திறந்தது. அதைக் குடைந்துகொண்டிருந்தபோது ஜேனட் பானமா என்ற தொழில்நுட்பப் பணியாளரை உள்ளே விடவில்லை. பெண் இறங்கினால் உயிர்ப்பலி வரும் என்பது சுரங்கத் தொழிலாளர் நம்பிக்கை. அவர் வழக்குப் போட்டு, 1972-ல் உள்ளே நடந்து போனார். சிலர் வேலையை விட்டு வெளியேறினார்கள். குகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே மேலே ஏறாதீர்கள். டென்வரே 5,280 அடி. அங்கே இரண்டு மூன்று நாள் இருந்து, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். 14,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் அறுபது சதவீதம்தான். இதய நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தச் சாலையில் போக வேண்டாம்; எக்கோ ஏரிக்கரையோடு நின்றாலும் குறைவில்லை. கோடையில் நண்பகலுக்குமேல் இடியும் மின்னலும் வாடிக்கை. சிகரமானாலும் கணவாயானாலும் பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ப்ளூ ஸ்கை சாலை கோடை மாதங்களில் மட்டுமே திறப்பார்கள், முன்பதிவும் தேவை. பராமரிப்புக்காக 2025 கோடை முழுவதும் மூடியிருந்தது, ஆகவே கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வார நாளில் போங்கள். ஒரு நாளில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காமல் ஜார்ஜ்டவுனில் ஓர் இரவு தங்குங்கள். வெய்லில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசையும், அங்கே வண்டி நிறுத்த அலையும் நேரத்தையும் நினைத்தால் இது லாபம். ஐ-70-ல் 240-ஆம் எண் வெளிவழி ஐடஹோ ஸ்பிரிங்ஸுக்கும் மலைச்சாலைக்கும், 228 ஜார்ஜ்டவுனுக்கு, 226 சில்வர் ப்ளூமுக்கு.